ஒரு மில்லிவிநாடி வெடிப்புக்கு முகவரி தேடுவது எப்படி

"எத்தனை பீமில் தெரிந்தது?"

வெடிப்பு ஒன்று சிக்கிவிட்டது என்று யாராவது ஓடிவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். (பீம் என்றால், தொலைநோக்கி ஒரு நேரத்தில் பார்க்கும் வானத்துண்டு.) எவ்வளவு பிரகாசம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அப்புறம். பதினோரு வருடமாக ரேடியோ தொலைநோக்கித் தரவோடு மல்லுக்கட்டுகிறேன். அதில் பெரும்பகுதி ஒரே வேலை: அதிவேக ரேடியோ வெடிப்பு, அதாவது எஃப்ஆர்பி, வானத்தில் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. சில மில்லிவிநாடிகளில் வந்து மறைந்துவிடும் சமாசாரம். பெரும்பாலானவை ஒருமுறை தலைகாட்டியதோடு சரி. திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இருக்காது. கையில் மிஞ்சுவது தரவு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வீட்டு முகவரியைத் தேட வேண்டும்.

தரவு கைக்கு வந்திருக்கும் புது ஆளுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதும் கட்டுரைகளைப் படித்து, "இந்த கேலக்ஸிதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று சந்தேகப்படுபவர்களுக்கும் இது உதவும்.

முதலில், அது வானத்திலிருந்துதான் வந்ததா?

விண்வெளியில் பரவிக்கிடக்கும் எலக்ட்ரான்கள், குறைந்த அதிர்வெண் அலைகளை அதிகமாகத் தாமதப்படுத்தும். அதனால் ஒரே நொடியில் கிளம்பிய வெடிப்பு நம்மிடம் வரும்போது இழுபட்டு வரும்: உயர் அதிர்வெண் முதலில், தாழ் அதிர்வெண் பிறகு. வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருந்தது என்பதற்கான எண்ணை டிஎம் என்போம். டிஎம்மை 4.15-ஆல் பெருக்கி, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் தாமதம் மில்லிவிநாடியில் கிடைக்கும். டிஎம் 500 என்றால் 1.5 கிகாஹெர்ட்ஸில் 922 மில்லிவிநாடி, 1.2-இல் 1,441. இடைவெளி அரை விநாடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருள் வரைந்து காட்டும் வளைவு இந்தச் சூத்திரத்தோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பொருந்தினாலும் நம்பிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இதேபோன்ற வளைவோடு சில சிக்னல்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தன. பெரிடான் என்று பெயர்கூட வைத்தார்கள். 2015-இல் காரணம் தெரிந்தது: ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பை, அது தானாக நிற்பதற்கு முன் யாரோ கதவைத் திறந்து நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்ஸில் வானத்தின் 13 வெவ்வேறு இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் கருவி உண்டு. பெரிடான் 13-லும் தெரிந்தது. வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வருவது ஒன்றில், மிஞ்சினால் அடுத்தடுத்த இரண்டு மூன்றில்தான் தெரியும். என் முதல் கேள்வி இங்கிருந்து வந்ததுதான்.

பக்கத்திலிருந்து வருவதைப் பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆஸ்கேப் என்ற பல ஆன்டெனாத் தொலைநோக்கிக்கு 30 நானோவிநாடிக்கும் குறைவான ஒரு கூர்மையான துடிப்பு கிடைத்தது. படமாக்கப் பார்த்தால் எல்லா ஆன்டெனாக்களையும் சேர்த்து ஃபோகஸ் செய்ய முடியவில்லை. வெகு தொலைவிலிருந்து வரும் அலைமுகம் தட்டையாக இருக்கும். இது வளைந்திருந்தது. வளைவிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டால் சுமார் 4,500 கிலோமீட்டர்! 1964-இல் ஏவப்பட்டு எப்போதோ செத்துப்போன ரிலே 2 என்ற செயற்கைக்கோள்தான் அது. ஆக, ஃபோகஸ் ஆகாத படத்தைக் கண்டால் கேலிப்ரேஷனை, அதாவது கருவியின் அளவுத்திருத்தத்தை, திட்டுவதற்கு முன் தூரத்தையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

ஒற்றைத் தட்டு போதாது

முதல் எஃப்ஆர்பி 2001 ஜூலை 24 அன்று பார்க்ஸில் பதிவானது. பழைய தரவைக் கிளறியபோது 2007-இல்தான் கண்ணில் பட்டது. 64 மீட்டர் தட்டு, 21 சென்டிமீட்டர் அலை. அலைநீளத்தைத் தட்டின் விட்டத்தால் வகுத்து, ஒற்றைத் தட்டுக்கு 1.2-ஆல் பெருக்கினால் பீமின் அகலம் வரும்: ஏறத்தாழ 14 ஆர்க் நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க் நிமிடம்), முழுநிலவின் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சின்னதாகத்தான் தோன்றும். ஆனால் நல்ல ஒளியியல் தொலைநோக்கியில் அந்த அளவு இடத்தை ஆழமாகப் படமெடுத்தால் ஆயிரக்கணக்கில் கேலக்ஸிகள் கிடக்கும். எதைக் கைகாட்டுவது? ஊர்ப் பெயர் மட்டும் எழுதி, தெருவும் கதவு எண்ணும் இல்லாத கடிதம் மாதிரி.

தட்டின் விட்டத்துக்குப் பதிலாக ஆன்டெனாக்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பயன்படுத்துவதுதான் தீர்வு. அதுதான் இன்டர்ஃபெரோமீட்டர். ஒரே அலைமுகம் ஒவ்வொரு ஆன்டெனாவையும் வெவ்வேறு கணத்தில் தொடும். ஒளி ஒரு நானோவிநாடியில் போவது 30 சென்டிமீட்டர். அந்தக் கணங்களின் வித்தியாசத்தை அளந்தால் திசை கிடைக்கும். ஆன்டெனாக்கள் 6 கிலோமீட்டர் விரிந்திருந்து, அலை 20 சென்டிமீட்டர் என்றால் பீம் சுமார் 7 ஆர்க் விநாடி. ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் விநாடி. அந்த 7-ஐயும் அப்படியே பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிக்னல்-இரைச்சல் விகிதத்தின் இரண்டு மடங்கால் வகுக்கலாம். விகிதம் 20 என்றால் 0.2 ஆர்க் விநாடிக்குள் வந்துவிடுகிறோம். திரும்ப வராத வெடிப்பு ஒன்றுக்கு முதன்முதலில் முகவரி கிடைத்தது இப்படித்தான்: 2018 செப்டம்பர் 24 அன்று ஆஸ்கேப் பிடித்த வெடிப்பு, 0.12 ஆர்க் விநாடித் துல்லியத்தில், ஒரு கேலக்ஸியின் மையத்திலிருந்து சுமார் 13,000 ஒளியாண்டு தள்ளி.

இன்னும் விரிக்கலாம். கனடாவின் சைம் தொலைநோக்கி தினமும் எஃப்ஆர்பிகளை அள்ளுகிறது. 2021-இல் வந்த அதன் முதல் பட்டியலில் மட்டும் 536. ஆனால் தனியாக நின்றால் அதற்கு முகவரி தெரியாது. அதனால் கண்டத்தின் குறுக்கே மூன்று துணைத் தொலைநோக்கிகளை நட்டார்கள். 2025 மார்ச் 16 அன்று வந்த மிகப் பிரகாசமான வெடிப்பை அந்தக் கூட்டணி, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4141 கேலக்ஸிக்குள் ஏறத்தாழ 45 ஒளியாண்டு அகலம் வரை குறுக்கியது. எந்த கேலக்ஸி என்பதைத் தாண்டி, கேலக்ஸிக்குள் எந்தப் பேட்டை என்றே சொல்லிவிடலாம்.

பஃபர் காலியாகும் முன்

இதில் ஒரு சிக்கல். ஆன்டெனாக்கள் பதிவுசெய்யும் மூல மின்னழுத்தத் தரவு பிரமாண்டமானது. எல்லாவற்றையும் சேமிக்க முடியாது. ஆகவே கடைசிச் சில விநாடிகளை மட்டும் ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், சுழலவிடுவார்கள். ஆஸ்கேப் அந்த 2018 வெடிப்பைப் பிடித்தபோது பஃபரின் நீளம் 3.1 விநாடி. வெடிப்பு வந்ததை மென்பொருள் கண்டுபிடித்து "நிறுத்து" என்று சொல்வதற்குள் பழைய தரவு அழிந்துவிட்டால் கதை முடிந்தது.

புது ஆட்கள் இங்கே மறப்பது டிஎம் தாமதத்தை. மேலே போட்ட கணக்கில் அரை விநாடிதான் வந்தது, சரி. அதே டிஎம் 500-க்கு 800-இலிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரை போட்டுப் பாருங்கள்: 9.7 விநாடி! வெடிப்பின் தலை வந்த பிறகு வால் வந்துசேரவே அவ்வளவு நேரம். பஃபர் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். கண்டுபிடிக்க ஆகும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதிக டிஎம் உள்ள வெடிப்பில் உயர் அதிர்வெண் பாதி அழிந்து, தாழ் பாதி மட்டும் மிஞ்சிய கோப்பு என்னிடம் இரண்டு இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

படம் எடுத்து, பிறகு உங்களையே சந்தேகப்படுங்கள்

பஃபர் கிடைத்ததும் தாமதத்தைச் சரிசெய்து, வெடிப்பு இருந்த அந்த ஒன்றிரண்டு மில்லிவிநாடியை மட்டும் வெட்டியெடுத்துப் படமாக்குங்கள். மூன்று விநாடியையும் சேர்த்தால் வெடிப்பு இரைச்சலில் கரைந்துவிடும். பிறகு முழு மூன்று விநாடியையும் வைத்துத் தனியாக இன்னொரு படம். இதில் வெடிப்பைத் தேடாதீர்கள். இது பின்னணியில் எப்போதும் இருக்கும் ரேடியோ மூலங்களுக்காக. ஏன் என்பதைச் சொல்ல, என் அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் தனியாகக் கையாண்ட முதல் வெடிப்பு. சிக்னல்-இரைச்சல் விகிதம் 18, டிஎம் 430. பிழை 0.2 ஆர்க் விநாடி என்று வந்தது. அந்த இடத்தின் ஒளியியல் படத்தைத் திறந்தேன். வெடிப்பு ஒரு அழகான சுருள் கேலக்ஸியின் கரத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அதன் சிவப்புப் பெயர்ச்சியும் (பிரபஞ்சம் விரிவதால் ஒளி இழுபடும் அளவு; கூடினால் தூரமும் கூடும்) ஏற்கெனவே அளக்கப்பட்டிருந்தது: 0.04. பக்கத்து வீடு. ராத்திரி இரண்டு மணிக்குக் குழுவில் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டேன்.

காலையில் மூத்தவர் ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பின்னணி மூலங்கள் எங்கே விழுகின்றன?" பார்க்கவே இல்லை. பார்த்தேன். மூன்று விநாடிப் படத்தில் தெளிவாகத் தெரிந்தவை ஏழு. அட்டவணையில் உள்ள இடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் ஏழும் ஒரே திசையில், வடகிழக்காக, ஒன்று ஒன்றேகால் ஆர்க் விநாடி நகர்ந்திருந்தன. கேலிப்ரேட்டரை, அதாவது திருத்தத்துக்காகப் பார்க்கும் இடம் தெரிந்த மூலத்தை, வானத்தின் வேறு பக்கத்தில், பல மணி நேரம் தள்ளி எடுத்திருந்தோம். இடையில் அயனி மண்டலம் மாறிவிட்டது. படம் மொத்தமாக நழுவியிருந்தது. கூர்மையாகத்தான் இருந்தது, இடம்தான் தப்பு. அதுதான் ஆபத்து.

ஏழின் சராசரி நகர்வைக் கழித்தேன். அவற்றுக்குள் இருந்த சிதறல் 0.5 ஆர்க் விநாடி. அதை ஏழின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.19. இதையும் முந்தைய 0.2-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.28. அதுதான் உண்மையான பிழை. புதிய இடத்தில் சுருள் கேலக்ஸி இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் ஒரு மங்கல் திட்டு இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். இடம், பிழை, அதைக் குறிக்கும் நீள்வட்டம் எல்லாவற்றையும் முடித்துக் கோப்பைப் பூட்டிய பிறகுதான் ஒளியியல் படத்தைத் திறப்பேன். அழகான கேலக்ஸி கண்ணில் பட்டுவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். என் கை சாய்ந்தது எனக்குத் தெரியும்.

காக்கை உட்கார்ந்ததா, பனம்பழம் விழுந்ததா

பிழை வட்டத்துக்குள் ஒரு கேலக்ஸி இருப்பதாலேயே அதுதான் வீடு என்று ஆகிவிடாது. வெறும் தற்செயலாக ஒன்று அங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு? வட்டத்தின் பரப்பை, அந்தப் பிரகாசத்தில் வானத்தில் கேலக்ஸிகள் எவ்வளவு அடர்த்தி என்பதால் பெருக்குங்கள். சதுர ஆர்க் நிமிடத்துக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 1 ஆர்க் விநாடி என்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 0.026, நூற்றில் இரண்டரை, பரவாயில்லை. ஆரம் 5 என்றால் 0.65. ஆரம் 10 என்றால் இரண்டரைக்கு மேல். எங்கே கல்லெறிந்தாலும் ஒரு கேலக்ஸியில் விழும். கேலக்ஸி எவ்வளவு மங்கலோ அவ்வளவு அடர்த்தி கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போது இதை பாத் என்ற முறையில் செய்கிறார்கள்: அருகிலுள்ள எல்லா கேலக்ஸிக்கும் ஆளுக்கொரு நிகழ்தகவு கொடுத்து, "இது எதுவுமே இல்லை, வீடு கண்ணுக்கே தெரியவில்லை" என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அந்தக் கடைசிப் பங்கைப் பூஜ்யம் என்று வைக்கும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

தற்செயல் நேரத்திலும் விளையாடும். 2015 ஏப்ரல் 18 வெடிப்புக்குப் பின் அதே பகுதியில் ஒரு ரேடியோ மூலம் சில நாளில் மங்குவதைக் கண்டு, அதுதான் வெடிப்பின் மிச்சம், அந்த கேலக்ஸிதான் வீடு என்று 2016-இல் அறிவித்தார்கள். தொடர்ந்து பார்த்தபோது அந்த மூலம் மறுபடி பிரகாசமானது. கேலக்ஸியின் மையத்திலுள்ள கருந்துளை வழக்கமாக மினுக்குவதுதான் அது. ஆகவே பக்கத்தில் எதுவாவது மாறுகிறது என்றால், வெடிப்புக்கு முன்பும் அது மாறிக்கொண்டிருந்ததா என்று பழைய தரவைத் தேடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. வீட்டிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடப்பவையும் இருக்கின்றன. எஃப்ஆர்பி 20200120இ, எம்81 கேலக்ஸியின் ஒளிரும் தட்டுக்கு வெளியே, ஒரு உருண்டை விண்மீன் கொத்துக்குள் இருந்தது, 1.2 கோடி ஒளியாண்டுதான் தூரம். அங்கே எல்லாம் கிழட்டு விண்மீன்கள். இளம் மேக்னடார்தான் (அதீத காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்துச் சொன்னவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆரத்தை மட்டும் பார்த்து "வெறுமை" என்று எழுதிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிஎம்மோடு கணக்கு ஒத்துப்போகிறதா

வீடு என்று ஒன்றைக் கைகாட்டியபின் அதன் சிவப்புப் பெயர்ச்சியை அளந்து டிஎம்மோடு ஒப்பிடலாம். மொத்த டிஎம்மில் நம் பால்வீதியின் பங்கு, அதைச் சூழ்ந்த ஒளிவட்டத்தின் பங்கு, கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள வெளியின் பங்கு, பிறந்த வீட்டின் பங்கு என்று நாலு. மோட்டாக, இடைவெளியின் பங்கு சிவப்புப் பெயர்ச்சி 1-க்குச் சுமார் 1,000. அந்த 2018 ஆஸ்கேப் வெடிப்பில் மொத்தம் 361, பால்வீதி 40, ஒளிவட்டத்துக்கு 50 போல ஒதுக்கினால் மிச்சம் 270. வீட்டின் சிவப்புப் பெயர்ச்சி 0.32. பொருந்துகிறது.

என் சுருள் கேலக்ஸியில் 0.04-க்கு 40தான் வர வேண்டும். கையிலிருந்ததோ முந்நூறுக்கு மேல். மணி அடித்திருக்க வேண்டும். "வீட்டுக்குள்ளேயே நிறைய எலக்ட்ரான் இருந்திருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மங்கல் திட்டின் நிறமாலை பிறகு கிடைத்தபோது 0.3 வந்தது.

என் சமாதானம் முழு முட்டாள்தனமும் அல்ல என்பதுதான் வேடிக்கை. எஃப்ஆர்பி 20190520பி என்று ஒன்று. டிஎம் 1,205, அதை மட்டும் பார்த்தால் சிவப்புப் பெயர்ச்சி 1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையில் 0.241. அதில் பெரிய பங்கு வீட்டிலேயே ஏறியிருக்கிறது. ஆகவே டிஎம்மை வைத்து ஒரு கேலக்ஸியை "இதற்கு மேல் தூரம் இருக்க வாய்ப்பு குறைவு" என்று ஒதுக்கலாம். "இதுதான்" என்று சொல்ல முடியாது.

திரும்ப வருபவை, பக்கத்தில் வெடிப்பவை

வெடிப்பு திரும்ப வந்தால் அதிர்ஷ்டம். 2012 நவம்பர் 2 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கியில் பதிவானது மறுபடி வருகிறது என்று 2016-இல் தெரிந்தபின், அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கியை அதன்மேல் 83 மணி நேரம் குறிவைத்து 9 வெடிப்புகளைப் பிடித்தார்கள். சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டி கேலக்ஸி. எஃப்ஆர்பி 20180916பி-க்கு 16.35 நாள் சுழற்சி உண்டு. அதில் சில நாள் மட்டுமே விழித்திருக்கும். அப்படிப்பட்டதற்குத் தொலைநோக்கி நேரம் கேட்கும்போது தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் தூங்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பால்வீதிக்குள்ளேயே வெடித்தால் வேறு வழி. 2020 ஏப்ரல் 28 அன்று எஸ்ஜிஆர் 1935+2154 என்ற மேக்னடாரிலிருந்து வெடிப்பு வந்தபோது சைம் நேராக அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; ஓரக்கண்ணில்தான் பட்டது. ஆளை உறுதிசெய்தது எக்ஸ்-கதிர். செயற்கைக்கோள்கள் அதே கணத்தில் அதே மேக்னடாரிலிருந்து எக்ஸ்-கதிர் வெடிப்பைப் பதிவுசெய்திருந்தன. அதே கணம் என்று சொல்ல ரேடியோ நேரத்திலிருந்து டிஎம் தாமதத்தைக் கழிக்க வேண்டும். அதன் டிஎம் 333. 600 மெகாஹெர்ட்ஸில் 3.8 விநாடி. கழிக்காமல் விட்டால் இரண்டும் சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகள்போலத் தெரியும்.

அதனால் அறிவிப்பு எழுதும்போது இடத்தோடு, மொத்தப் பிழையோடு, டிஎம்மோடு, நேரம் எந்த அதிர்வெண்ணுக்கானது, பூமியில் அளந்ததா சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றியதா என்பதையும் எழுதுங்கள். என் முதல் அறிவிப்பில் நேரத்தை மைக்ரோவிநாடி வரை கொடுத்திருந்தேன், அதிர்வெண்ணைக் கொடுக்கவில்லை. எக்ஸ்-கதிர்க் குழு ஒன்றிலிருந்து ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து தனித்தனியாக வந்தது. இப்போது என் அறிவிப்புப் படிவத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் "எந்த அதிர்வெண்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் கோப்பு அனுப்பப்படாதபடி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.